தொட்டித் தண்ணீர் இன்று இருபத்தைந்து

மகன்,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முன்னறையில் உன் இறால் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெப்பமானி இருபத்தைந்து காட்டியது. இரவு முழுவதும் ஓடிய சின்ன ஃபேன் அரை விரல் தண்ணீரைக் குடித்திருந்தது. நேற்றே பிடித்து அறையிலேயே வைத்திருந்த தண்ணீரை ஜன்னல் கம்பியில் தொங்கும் போத்தலில் ஊற்றி, சேலைன் குழாயின் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்பி, சொட்டுச் சொட்டாக விழ விட்டேன். பாசியில் மேய்ந்துகொண்டிருந்த சிவப்பு இறால்கள் சொட்டு விழும் இடத்துக்கு ஒவ்வொன்றாக வந்தன. வழக்கமாக இந்த நேரத்தில் சூட்டைச் சொல்லி உனக்குக் குரல் செய்தி அனுப்புவேன். இன்று அனுப்பவில்லை. அனுப்பினால் நீ உடனே போனில் கோல் எடுப்பாய். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். சனிக்கிழமை, பேராதனை நூலகத்துக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த இறால்கள் வீட்டுக்கு வந்த நாளில் அப்பா உன்னோடு போட்ட சண்டை நினைவிருக்கிறதா? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நீ சும்மா இருந்த காலம். பிலிமத்தலாவையில் தான் வேலை செய்த ஹார்ட்வெயார் கடைக்கு அப்பா உன்னையும் அழைத்துப்போனார். கடையில் உனக்கு மனம் ஒட்டவில்லை. முதல் சம்பளம் கிடைத்த அன்று கையில் ஒரு பொலித்தீன் பையோடு வந்தாய். உள்ளே நகத்தளவு சிவப்பு உயிர்கள். "சம்பளத்துக்கு எறாலா வாங்கியாந்த?" என்று அப்பா கேட்டார். "வளக்குறதுக்குப்பா" என்றாய். "வளத்து என்ன செய்ய? ஒரு கறிக்குத் தேறாதேடா. இதுக்குக் கண்ணாடி வீடு வேறயா? நானே தகரக் கூரைக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கேன்." நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. பையைப் பிரிக்காமல், முன்னமே நிரப்பி வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, "ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரணும்மா. அவசரப்பட்டுக் கொட்டுனா செத்துரும்" என்று எனக்கு மட்டும் விளக்கிச் சொன்னாய். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது: "எனக்கும் உங்கம்மாவுக்கும் கல்யாணம் பேசுனப்ப யாரும் இவ்வளவு யோசிக்கல."

நீ இத்தாலிக்குப் போன அன்று அவர் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரவில்லை. கடையில் ஸ்டொக் எடுக்கிறார்கள் என்றார். அன்று கடையே பூட்டியிருந்தது என்பதை நான் உனக்குச் சொல்லவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ ஏஜென்டைப் பிடித்தது அவருக்கு ஆறவேயில்லை. நீ எடுக்கும் கோல் எல்லாம் எனக்குத்தான் வரும். நான் பேசும்போது அவர் வெளியே போய்ச் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தொட்டியை நீ என் பொறுப்பில் விட்டிருந்தாய். ஆனால் நான் ஏழு மணிக்கு பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவேன். நம் வீட்டுத் தகரச் சீட் கூரை பங்குனி, சித்திரை வெயிலில் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்துபோகும் ஒரே ஆள் அவர்தான்.

ஒரு மத்தியானம் தண்ணீர் முப்பதைத் தாண்டியிருக்கிறது. இறால்கள் எல்லாம் மேலே வந்து தண்ணீர் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. மூச்சு முட்டுகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. சந்திக் கடைக்கு ஓடிப் போய் ஐஸ் வாங்கிவந்து அப்படியே உள்ளே போட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்தபோது அவர் தொட்டியின் முன்னால் கதிரையைப் போட்டு, பரீட்சையில் தவறியவர்போல உட்கார்ந்திருந்தார். என் போனைக் கேட்டு வாங்கி, நீ போன பிறகு முதல் தடவையாக, அவரே உனக்குக் கோல் எடுத்தார்.

"டேய், உன் எறாலு மூணு செத்துப்போச்சு."

"எப்படிப்பா?"

"சூடா இருந்துச்சு. ஐஸ் போட்டேன்."

"ஐஸா! அப்பா, அது மார்க்கட்ல வாங்குன எறாலாப்பா?"

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்தார். அடக்கி வைத்திருந்த சிரிப்பு இருமலாக வெடித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நீ அங்கே சிரித்ததும் எனக்குக் கேட்டது. மூடியைக் கழற்றிவிடுங்கள், பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்த குட்டி ஃபேனைத் தண்ணீர் மட்டத்துக்குச் சரிவாகக் கட்டுங்கள், காற்றுப் பட்டுப் பட்டுத்தான் சூடு இறங்க வேண்டும், குறைகிற தண்ணீரை அதே சூட்டுத் தண்ணீரால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள் என்று நீ சொல்லச் சொல்ல, அவர் "ம்" போட்டுக்கொண்டே கேட்டார். மறுநாள் பார்மசியில் சேலைன் குழாய் வாங்கிவந்தார். உன்னிடமிருந்து அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் உங்கள் இருவருக்கும் பேச்சு இருந்தது. நீ ஹோட்டல் குசினியில் பாத்திரமெல்லாம் கழுவி முடித்து அறைக்குத் திரும்பும் நேரம், இங்கே விடியும் நேரம். "இருபத்தி நாலு" என்பார். "சரிப்பா" என்பாய். மார்கழியில் குளிர் இறங்கி வெப்பமானி பத்தொன்பதைத் தொட்டபோது, "எல்லாம் அசையாம நிக்குதுடா" என்று பயந்தார். "சாகாதுப்பா, சோம்பல்தான். மூணு பக்கமும் ரெஜிபோம் வச்சுக் கட்டுங்க" என்றாய். கடைக்கு வந்த பைப்புப் பெட்டியிலிருந்து அந்த வெள்ளை நுரை ரெஜிபோம் அட்டைகளை எடுத்துவந்து, குழந்தைக்குச் சட்டை தைப்பதுபோல அளந்து வெட்டிக் கட்டினார். அவ்வளவுதான் பேச்சு. போனை என்னிடம் நீட்டி, "இந்தா, உன் மகன்" என்பார். எனக்குச் சில நாள் கோபம் வரும். "சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டா என்னங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதத்தான கேட்டேன்" என்றார்.

வைகாசியில் அவர் போனதை உனக்குத் திரும்ப எழுத வேண்டியதில்லை. கடையில் சீமெந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனார். உனக்கு அங்கே தங்குவதற்கான அனுமதிக் காட் இன்னும் கிடைத்திருக்கவில்லை. அந்தக் காட் கையில் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வராதே என்று அன்று எல்லோரும் சேர்ந்து உனக்குச் சொன்னோம். சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் உன் முகம் அசையவேயில்லை. போன் இணைப்புதான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் மகாவலி ஆற்றில் சாம்பல் கரைத்தபோது, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து அத்தை ஒரு பிடியை மட்டும் எடுத்துச் சின்ன மண் கலயத்தில் போட்டு, சிவப்புத் துணியால் வாயைக் கட்டினார். "இது என் தம்பி மகன் கைக்கு. அவன் வந்து கரைக்கட்டும்" என்றார். வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று அதைக் குசினிக்குப் பின்னால், கூரைக் கம்பில் தொங்கவிட்டோம். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு விடிய முன்னமே அத்தை வந்துவிட்டார். வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாவு வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். குடம், வாளி, குசினியில் தண்ணீர் பிடித்து வைக்கும் பரல் எல்லாம் காலியானது. நான் உள்ளே ஐயருக்குச் சாமான் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது தொட்டி பளிங்குபோல இருந்தது. அத்தை தோட்டத்துப் பீலியிலிருந்து த்ரீவீல் ஆட்டோவில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். பாறை ஊற்றிலிருந்து நேரே வருகிற தண்ணீர். அதைவிடச் சுத்தமானது அவருக்குத் தெரியாது. "பழைய தண்ணிய வச்சுக்கிட்டு எப்படிப் புள்ள தீட்டுக் கழியும்? ஒண்ணையும் நசுக்கல. தேத்தண்ணி வடியால பச்சப் புள்ளயத் தூக்குற மாதிரி தூக்கி விட்டேன். பாரு, கல்கண்டு மாதிரி இருக்கு தண்ணி" என்றார். நான் விரலை விட்டேன். எலும்புவரை குளிர்ந்தது. வீடு நிறைய ஆட்கள். இரண்டு கேனையும் இடுப்பில் தூக்கி வந்தவரிடம், அவர் தம்பி கருமாதி நாளில், என்ன சொல்வது? "சரி அண்ணி" என்றேன்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. திடீரென்று தண்ணீர் மாறினால் அவை அவசரப்பட்டு ஓட்டைக் கழற்றப் பார்க்கும் என்று நீதான் பிறகு சொன்னாய். சட்டையைக் கழற்றப் போய்த் தலையில் சிக்கிக்கொண்டதுபோல, பாதி உரித்தபடியே கிடந்தன. அத்தை முதலில், "எறாலுக்கும் ஒரு கருமாதி வைக்கணும்போல" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் வந்தவர் பேசாமல் அதே வடியை எடுத்து, செத்தவற்றைப் பொறுக்கி, முற்றத்து ரோசா மரத்தடியில் புதைத்தார். "என் தம்பி தண்ணி ஊத்தி வளத்தது" என்று மட்டும் சொன்னார். அன்று நம் வீட்டில் சாப்பிடாமலே போய்விட்டார்.

அன்று மாலை உன்னிடம் சொன்னேன். நீ கேட்ட முதல் கேள்வி, "எத்தன டிகிரில ஊத்துனாங்கம்மா?" என்பது. "பாக்கல மகன்" என்றேன். "அப்பா இருந்தா பாத்திருப்பாரு" என்றாய். அதற்குப் பிறகு அழத் தொடங்கினாய். அதுவரை நீ அழுதிருக்கவில்லை. சாவுச் செய்தி சொன்னபோது அழவில்லை, கொள்ளி வைத்தபோது அழவில்லை. பாசிக்குள் ஒளிந்திருந்த சிலது தப்பியிருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

தப்பியவற்றை நான் வைத்துக் காப்பாற்றினேன். எனக்குப் பொறுமை இருந்ததால் அல்ல. வேலை விட்டு வந்தால் இந்த வீட்டில் அசைவதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. என்ன செய்தாலும் ஒரு நாளில் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மத்தியானம் கொதித்து, பின்னேரம் இடி மழை கொட்டி, ஒரு மணி நேரத்தில் வீடே குளிர்ந்துபோகிற நாட்கள்தான் கஷ்டம். மழை இருட்டினால் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மனம் இங்கே வந்துவிடும், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறதே, அணைக்க ஆளில்லையே என்று. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து வைத்தேன். "ஒங்க எறாலுக்கு நான் ஆயா வேலை பாக்குறேன்" என்று சிரிப்பார், ஆனால் போய் அணைப்பார். தண்ணீர் இருபத்தி மூன்றுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் நின்ற நாட்களில், ஒன்றின் வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டைகளைப் பார்த்தேன். யாரிடம் காட்டுவது என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். இப்போது தொட்டியில் எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன.

போன ஞாயிறு நீ சொன்னதுக்கு வருகிறேன். "டிக்கட் பாத்துட்டேன்மா. அப்பாட மொதத் திதிக்கு நான் வந்துருவேன்" என்றாய். "காட் வந்துருச்சா?" என்றேன். "இல்ல." "வக்கீலு என்ன சொன்னாரு?" "அவரு சொல்வாரு. இன்னும் கொஞ்ச மாசம்தான், இப்பப் போனா திரும்ப வர்றது கஷ்டம்னு. கெடக்கட்டும்மா. கலயத்த எவ்வளவு நாளைக்கு அப்படியே தொங்கவிடுறது? அத்த நேத்தும் கோல் எடுத்தாங்க. கொள்ளிதான் வைக்கல, திதியாவது உன் கையால நடக்கணும்னு அழுறாங்க." நான் என்ன சொன்னேன்? "நீ யோசிச்சுச் செய் மகன்" என்றேன். வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்த கையோடு உன் தலையணை உறையைக் கழற்றித் துவைத்தேன். கொடியில் காயப்போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியட்டும். இந்த வருடம் முழுவதும் சோற்றை ஒரு ஆளுக்கு அளந்து போட எனக்குப் பழக்கம் வரவில்லை.

ஆனால் இந்தக் கிழமை முழுக்க வேறு ஒன்றையும் யோசித்தேன். அங்கே போன முதல் குளிர்காலத்தில் நீ காய்ச்சலில் கிடந்தாய். பாஷை தெரியாமல் அழுதாய். சமைக்கும் எண்ணெய் மணம் பிடிக்கவில்லை என்றாய். இப்போது அந்த ஊர்க்காரர்களைத் திட்டுவதற்கும் அவர்கள் பாஷையில்தான் சொல் வருகிறது உனக்கு. அந்தத் தண்ணீருக்கு உன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி வைத்திருக்கிறாய். ஒரே நாளில் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே விட்டால் திதி நடக்கும், அத்தை சந்தோசப்படுவார், ஊர் வாயை மூடும். அடுத்த மாதம் நீ ஹார்ட்வெயார் கடையில் அப்பாவின் இடத்தில் நிற்பாய். என்னை ஒரு சொல் குறை சொல்லமாட்டாய். அதுதான் எனக்குப் பயம்.

வியாழக்கிழமை வேலை விட்டு வரும் வழியில் கோயிலுக்குப் போனேன். வேறு யாருக்கோ கேட்பதுபோல ஐயரிடம் கேட்டேன். "ஒரு வீட்ல மகன் வர முடியல சாமி. சம்சாரமே சாம்பலக் கரைச்சு, எள்ளுத் தண்ணி விடலாமா?" "வழக்கமில்லையேம்மா" என்றார். "பங்காளிங்க இருப்பாங்களே?" என்று அவரே கேட்டார். "இருக்காங்க. அவங்க மகன் கைக்குத்தான்னு வச்சிருக்காங்க." "அப்ப மகன வரச் சொல்லுங்க." "வந்தா அந்தப் புள்ள திரும்பிப் போக முடியாது சாமி." அவர் திருநீற்றை இலையில் மடித்துக்கொண்டே இருந்தார். இலையை என் கையில் வைத்துவிட்டு, "என்ன திதிம்மா அவருக்கு?" என்று கேட்டார். நான் சொன்னேன். வேறு யாருக்கோ என்று சொன்னது அப்போது மறந்துபோனது. அவரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, திதியை மட்டும் குறித்துக்கொண்டார்.

அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியாது. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். விடிந்ததும் பின்பக்கத்துக் கூரையிலிருந்து கலயத்தை இறக்கி, பஸ் ஏறி, பேராதனையில் ஆற்றங்கரைக்குப் போவேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் நடந்தவள் நான். துணியை நானே அவிழ்ப்பேன், நானே கரைப்பேன், திதியன்று எள்ளுத் தண்ணீரும் நானே விடுவேன். அத்தை என்னை மன்னிக்க நாள் எடுக்கும். ஒருவேளை இந்த வீட்டுப் படி ஏறாமலே விட்டுவிடுவார். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்தத் தாள்களைப் படம் பிடித்து உனக்கு இப்போது அனுப்பமாட்டேன். நீ தடுப்பாய், நானும் தடைபட்டுப்போவேன். ஆற்றிலிருந்து ஏறி வந்து, கை காய்ந்த பிறகு அனுப்புவேன்.

ஆகையால் டிக்கட்டை விட்டுவிடு. காட் வரும்வரை அங்கேயே இரு, எத்தனை மாதமானாலும் இரு. இனி நீ வந்து செய்ய வேண்டிய காரியம் என்று இங்கே ஒன்றும் மிச்சமில்லை மகன். அது கிடைத்த பிறகு, ஒரு காரியமும் இல்லாமல், சும்மா வா.

அம்மா